பில்டிங் ஃபண்ட் கணக்கு கேட்டேன், வாட்ஸ்அப் குரூப்ல இருந்து தூக்கிட்டாங்க

தாம்பரம்_பக்கம்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா இங்க படிக்கிறதோட சரி, எழுதினதில்ல. இப்ப மனசு தாங்கல.

நாங்க போறது ஒரு தனி சபை, எந்த டினாமினேஷனும் கிடையாது, ஞாயித்துக்கிழமை 250 பேர் வருவாங்க. 12 வருஷமா அங்கதான். நாலு வருஷத்துக்கு முன்னாடி பில்டிங் ஃபண்ட்னு ஆரம்பிச்சாங்க, கவர் கொடுத்தாங்க, ஒவ்வொரு குடும்பமும் ஒரு தொகைய பொருத்தனை பண்ணி எழுதிக் கொடுக்கணும். என் வீட்டுக்காரி ஒரு வளையலை கழட்டிக் கொடுத்தா, நானும் தடுக்கல. இன்னிக்கு வரைக்கும் ஒரு செங்கல் வைக்கல, அதே கல்யாண மண்டபத்து மாடிலதான் ஆராதனை.

போன மாசம் சபை குரூப்ல ஒரே ஒரு மெசேஜ் போட்டேன். "பாஸ்டர், பில்டிங் ஃபண்ட்ல இதுவரை எவ்வளவு சேர்ந்திருக்குன்னு சொன்னா ஜெபிக்க உதவியா இருக்கும்." அவ்ளோதான், ஸ்மைலி கூட போட்டேன். 11 நிமிஷத்துல குரூப்ல நான் இல்ல. அடுத்த ஞாயிறு பிரசங்கம் எண்ணாகமம் 16, மோசேயை எதிர்த்த கோராகு கதை. பூமி வாயைத் திறந்து விழுங்கினதை முக்கால் மணி நேரம் பேசினார், பாதி நேரம் பார்வை எங்க வரிசை மேலதான்.

இன்னொண்ணும் சொல்லணும். காணிக்கை பை எடுக்கிற டீம்ல நானும் இருந்தேன். ஆராதனை முடிஞ்சதும் மூணு பையையும் ஒரு பிக் ஷாப்பர்ல போட்டு பாஸ்டரம்மா ஸ்கூட்டியில எடுத்துட்டுப் போயிடுவாங்க. எங்க எண்ணுறாங்க, யார் எண்ணுறாங்க, ஒருத்தருக்கும் தெரியாது. பாஸ்டர் திருடறார்னு நான் சொல்லல, அப்படி நினைக்கவும் இல்ல, எங்க அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து நின்ன மனுஷன் அவர். நான் கேட்டது தப்பா? அதை மட்டும் சொல்லுங்க.

துதி_மட்டும்:
பிரதர், அன்பாத்தான் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. கொடுக்கிறதோட நம்ம வேலை முடிஞ்சது. கொடுத்தது கர்த்தருக்கு, கணக்கு கேட்கவேண்டியவர் அவரே. "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்" னு சங்கீதம் 105-ல இருக்கு. உங்களுக்கு நம்பிக்கை இல்லன்னா வேற சபைக்குப் போங்க, ஆனா குரூப்ல எல்லார் முன்னாடியும் கேட்டது ஊழியக்காரரை அவமானப்படுத்தினதுதான். தனியா போய் கேட்டிருக்கலாமே.

தாம்பரம்_பக்கம்:
தனியா ரெண்டு தடவை கேட்டேன் பிரதர். "ஜெபிச்சுட்டு சொல்றேன்" னார். அது போன வருஷம்.

நெல்லை_கோயில்பிள்ளை:
தம்பி, எனக்கு வயசு 67. சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை) சபையில 20 வருஷத்துக்கு மேல கமிட்டியில இருந்தவன், அந்த அனுபவத்துல சொல்லுதேன்.

எங்க ஊர்ல அறுப்பின் பண்டிகைன்னா ஏலம் உண்டு. வாழைத்தார், சேவல், பூசணிக்காய், ஒரு கிழவி கொண்டாந்த நாலு முட்டை எல்லாம் ஏலம் போகும். முட்டையை எவனாவது போட்டிக்கு ஏத்தி ஆயிரம் ரூபாய்க்கு எடுப்பான், மைக்ல பேரும் தொகையும் சொல்லுவாக, பக்கத்துல ஒருத்தர் நோட்டுல ஏத்துவாக, சாயங்காலம் மொத்தம் இம்புட்டுன்னு அறிவிப்பாக. ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் அந்த வருஷத் தொகை தெரியும். எங்க ஆச்சி தினம் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை தனிப் பானையில போடும், அது மிஷனரி ஊழியத்துக்கு. 1903-ல பாளையங்கோட்டையில இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பிச்சப்ப அசரியா ஐயாவும் கூட்டாளிகளும் வெள்ளைக்காரன் காசு வேண்டாம், நம்ம ஆள், நம்ம காசு, நம்ம நிர்வாகம்னு நின்னாங்கல்ல, அந்தக் காசு இப்படி வந்த காசுதான். பிடி அரிசி கொடுத்தவளுக்கு அது தெலுங்கு நாட்டுல தோர்ணக்கல் ஊழியத்துக்குப் போச்சுன்னு தெரியும். கணக்கு தெரிஞ்சதால அவளுக்கு விசுவாசம் குறைஞ்சு போகல.

அதுக்காக எங்க சபை யோக்கியம்னு சொல்ல வரல. எங்கள்ல கணக்கு அச்சடிச்சு கொடுப்பாக, ஆனா சண்டை அதுக்கு மேல. டயோசிஸ் (பேராயர் நிர்வாகப் பகுதி) தேர்தல்னா சட்டமன்றத் தேர்தல் தோத்துப் போகும், கல்லூரி வேலை போடுறது, நிலம் குத்தகை விடுறதுன்னு கோர்ட்டுல கிடக்குற வழக்கை எண்ண ஒரு குமாஸ்தா வேணும். 2024-ல சினட்டை (சிஎஸ்ஐயோட உச்ச நிர்வாகக் குழு) நடத்தவே ஹைகோர்ட் ஓய்வுபெற்ற நீதிபதிகளைப் போட வேண்டி வந்துச்சு. அதே வருஷம் மதுரைக் கிளையில, கோயில் சொத்துக்கு அறநிலையத்துறை இருக்கு, வக்ஃபுக்கு வாரியம் இருக்கு, சர்ச் சொத்துக்கு ஏன் ஒரு சட்ட அமைப்பு இல்லன்னு கோர்ட்டே கேட்டுச்சு. நாமளே ஒழுங்கா வச்சிருந்தா அந்தக் கேள்வி வருமா?

பிறகு அந்தக் கோராகு. அதே 16-ம் அதிகாரம் 15-ம் வசனத்தை உங்க பாஸ்டர் வாசிச்சாரா? நான் இவங்கள்ல ஒருத்தனோட கழுதையைக் கூட எடுத்துக்கலைன்னு மோசே சொல்லுதார். கலகம் நடக்கிற நேரத்துலயும் மனுஷன் கணக்கைத்தான் முதல்ல எடுத்து வைக்கார்.

துதி_மட்டும்:
ஐயா வயசுல பெரியவங்க, ஆனா வேதத்துல கணக்கு கேட்காததும் இருக்கு. 2 இராஜாக்கள் 12:15 பாருங்க. ஆலயம் பழுதுபார்க்க காசு வாங்கினவங்க கிட்ட கணக்கு கேட்கல, ஏன்னா அவங்க உண்மையா நடந்தாங்க.

நெல்லை_கோயில்பிள்ளை:
சரியான வசனத்தை எடுத்தீர். அப்ப மேலே இருந்தே வாசியும். யோவாஸ் ராஜா காசை எடுத்து ஆலயத்தை பழுது பாருங்கன்னு ஆசாரியர் கையில முழுசா விட்டுட்டான், 23-ம் வருஷம் வரைக்கும் ஒரு இடிஞ்ச இடத்தையும் அவங்க கட்டல. அதுக்கப்புறம்தான் பெட்டியில துவாரம் போட்டு பலிபீடத்துக்குப் பக்கத்துல வைக்காக. பெட்டி நிரம்பினா ராஜாவோட சம்பிரதியும் பிரதான ஆசாரியனும், ரெண்டு பேரும் சேந்து எண்ணி முடிப்பு கட்டுறாக. கணக்கு கேட்கலைன்னு சொன்னது அந்த எண்ணின முடிப்பை வாங்கி தச்சனுக்கும் கொத்தனுக்கும் கூலி கொடுத்தவங்களை. ஆசாரியரை இல்ல வேய்.

தம்பிக்கு நாலு வருஷம்தான் ஆச்சு, இன்னும் 19 இருக்கு 😀

மட்டுறுத்துநர்:
ஒரு நினைவூட்டல். தமிழ்நாட்டுல பிரபல ஊழியங்கள் மேல நடந்த ரெய்டு, நிலுவையில இருக்கிற வழக்கு இதெல்லாம் பேர் போட்டு எழுதின மூணு பதிவை எடுத்துட்டேன். ரெய்டு தீர்ப்பு ஆகாது. கோர்ட்ல முடிஞ்ச விஷயத்தை தாராளமா பேசுங்க.

ஆடிட்டர்_பெரம்பூர்:
நான் சிஏ, சில சர்ச் டிரஸ்ட்டுக்கு ஆடிட் பண்றேன். உணர்ச்சி வேற, காகிதம் வேற. முதல்ல உங்க சபை சட்டப்படி என்னன்னு கண்டுபிடிங்க, நிறைய பேருக்கு இதுவே தெரியாது.

சொசைட்டியா பதிவாகியிருந்தா (1975 தமிழ்நாடு சங்கங்கள் சட்டம்) வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டணும், கணக்கை பதிவாளர்கிட்ட தாக்கல் பண்ணணும், உறுப்பினர்ல மூணுல ஒரு பங்கு பேர் எழுதிக் கொடுத்தா பதிவாளர் விசாரிக்கலாம். ஆனா தனி சபைகள் பெரும்பாலும் சொசைட்டி பக்கமே போறதில்ல, டிரஸ்ட் போட்டுடுவாங்க. ஏன்னா டிரஸ்ட்ல உறுப்பினர்னு யாருமே கிடையாது. 250 விசுவாசிகள் இருக்கலாம், டீட்ல (டிரஸ்ட் பத்திரம்) இருக்கிறது பாஸ்டர், பாஸ்டரம்மா, மச்சான். காகிதப்படி அந்த மூணு பேர்தான் சபை. மகாராஷ்டிராவுல பப்ளிக் டிரஸ்ட்டுக்கு சேரிட்டி கமிஷனர் இருக்கார், நம்ம ஊர்ல சர்ச் டிரஸ்ட்டை அப்படி கேள்வி கேட்க ஒரு ஆபீஸ் இல்ல. கடைசி வழி சிவில் கோர்ட்தான், உரிமைப்பட்ட ரெண்டு பேர் கோர்ட் அனுமதி வாங்கி சிவில் நடைமுறைச் சட்டம் 92-வது பிரிவுல கேஸ் போடலாம். வருஷக்கணக்கா இழுக்கும், அதைச் சொல்லிடறேன்.

சில பேர் "சார்பதிவாளர் ஆபீஸ்ல டிரஸ்ட் டீட் நகல் வாங்கலாமே" ன்னு சொல்வாங்க. நிலம் சேர்ந்த பத்திரம்னா 1-ம் புத்தகத்துல இருக்கும், யாரும் வாங்கலாம். பத்தாயிரம் ரூபா ரொக்கத்துல ஆரம்பிச்ச டிரஸ்ட்னா 4-ம் புத்தகம், சம்பந்தப்பட்டவங்களுக்கு மட்டும்தான் தருவாங்க, கவுன்டர்ல திருப்பி அனுப்பிடுவாங்க. அலைய வேண்டாம்.

அதை விட சுலபமா ஒண்ணு பண்ணலாம். பில்டிங்குக்குன்னு ஏதாவது இடம் வாங்கியிருக்காங்களா? சர்வே நம்பர் தெரிஞ்சா பதிவுத்துறை சைட்ல வில்லங்கம் போட்டுப் பாருங்க, பாக்குறதுக்கு காசு கிடையாது. யார் பேருக்கு எழுதியிருக்குன்னு வந்துடும். டிரஸ்ட் பேர்ல இருக்கா, தனி மனுஷன் பேர்ல இருக்கா, அதுல பாதி கதை தெரிஞ்சிடும்.

வரி விஷயம். வரி விலக்குக்கான பதிவு (12ஏன்னு சொல்வாங்க) இருந்தா, வருமானம் வரம்பைத் தாண்டினா ஆடிட் கட்டாயம். டிரஸ்டிக்கோ அவர் சொந்தத்துக்கோ டிரஸ்ட் காசு சலுகையா போச்சுன்னா அந்தத் தொகைக்கு விலக்கு போயிடும். நியாயமான சம்பளம் கொடுக்கலாம், அது தப்பில்ல, ஆனா அது சம்பளம்னு ஏட்டுல இருக்கணும். உண்டியல்ல பேர் இல்லாம விழுற காசுக்கு முழுக்க மத டிரஸ்ட்னா தனி வரி இல்ல, அதனால "இன்கம்டாக்ஸ் பிரச்சனை வரும், அதான் கணக்கு சொல்றதில்ல" ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அதே மாதிரி சபைக்கு கொடுக்கிற தசமபாகத்துக்கு 80ஜி ரசீது (கொடுத்தவருக்கு வரிச் சலுகை) தர்றாங்கன்னா உஷார், ஒரு குறிப்பிட்ட மதத்துக்கான அமைப்புக்கு 80ஜி கிடைக்காது.

வெளிநாட்டுக் காசு வாங்கறவங்களுக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தோட 2020 திருத்தத்துக்கு அப்புறம் பிடி இறுகிடுச்சு. டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச்ல அக்கவுன்ட், நிர்வாகச் செலவு 50 சதவீதத்துல இருந்து 20 ஆச்சு, இன்னொரு அமைப்புக்கு கைமாத்த முடியாது. ஆனா வேடிக்கை, முன்னாடி அந்த வருடாந்திர கணக்கை யார் வேணாலும் சைட்ல பாக்கலாம், 2022-ல அதை எடுத்துட்டாங்க. அரசாங்கத்துக்குத் தெரியும், காசு கொடுத்தவனுக்குத் தெரியாது.

ஜுரோங்_வெஸ்ட்:
ஆடிட் இருந்தா போதும்னு நினைக்கிறவங்களுக்கு எங்க ஊர் கதை. சிட்டி ஹார்வெஸ்ட் சர்ச், சிங்கப்பூர். நான் அந்த சபை இல்ல, ஆனா என்கூட வேலை பாத்த ரெண்டு பேர் அங்க போனாங்க, அந்த நாலஞ்சு வருஷம் கேன்டீன்ல இதே பேச்சுதான்.

பாஸ்டர் கோங் ஹீ, அவர் மனைவி சன் ஹோ பாப் பாடகி. பாட்டு மூலமா சுவிசேஷம்னு ஒரு திட்டம். அதுக்கு பில்டிங் ஃபண்ட்ல இருந்து (ஆமா, அதே பில்டிங் ஃபண்ட்) 2 கோடியே 40 லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பாண்ட் முதலீடுங்கிற பேர்ல ரெண்டு கம்பெனிக்குப் போச்சு. அது உண்மையான முதலீடு இல்லைன்னு கோர்ட் சொல்லிச்சு. ஆடிட்டர் கேள்வி கேட்க ஆரம்பிச்சதும் அந்த பாண்டை மூடிக் காட்ட இன்னொரு 2 கோடியே 60 லட்சத்தை சுத்தி சுத்தி விட்டாங்க. மொத்தம் 5 கோடி. 2015-ல ஆறு பேரும் குற்றவாளின்னு தீர்ப்பு, கோங் ஹீக்கு 8 வருஷம், 2017 அப்பீல்ல மூணரை வருஷமா குறைஞ்சது. அதுல ஒருத்தர் ஜெயிலுக்குப் போக வேண்டியதுக்கு முதல் நாள் உபின் தீவுப் பக்கம் படகுல தப்பிக்கப் பாத்து மாட்டினார், அது தனி சினிமா.

நான் சொல்ல வந்தது ரெண்டு. ஒண்ணு, அந்த சபைக்கு போர்டு இருந்துச்சு, ஆடிட்டர் இருந்தாங்க, எல்லாம் இருந்துச்சு. போர்டுல யாருக்கும் "வேணாம் பாஸ்டர்" ன்னு சொல்ல வாய் வரல. ரெண்டு, 2003-லேயே ஒரு சபை உறுப்பினர் எழுந்து சபைக் காசு அந்தப் பாட்டுக்குப் போகுதுன்னு சொன்னார். என்னாச்சு? பேப்பர்ல மன்னிப்பு விளம்பரம் போட்டார், அந்த மனுஷன். சேரிட்டி கமிஷனரும் போலீசும் உள்ள வந்தது 2010-ல. ஏழு வருஷம். தாம்பரம் அண்ணே, உங்களை வாட்ஸ்அப்ல இருந்துதான் தூக்கினாங்க, சந்தோஷப்படுங்க.

துதி_மட்டும்:
ஆனா அந்த கேஸ்ல பாஸ்டர் தன் சொந்தத்துக்கு எடுக்கலைன்னு கோர்ட்டே சொல்லியிருக்கே? ஊழியத்துக்குன்னு நினைச்சுதானே பண்ணினாங்க.

ஜுரோங்_வெஸ்ட்:
ஆமா, தண்டனை குறைஞ்சதுக்கு முக்கிய காரணம் குற்றப்பிரிவு மாறினதுதான், ஆனா இதையும் கோர்ட் கணக்குல எடுத்துக்கிச்சு. எனக்கு அதுதான் பயமாவே இருக்கு பிரதர். திருடணும்னு எடுக்கிறவனுக்கு ராத்திரி தூக்கம் கெடும். கர்த்தருக்காகன்னு எடுக்கிறவனுக்கு நல்லா தூக்கம் வரும்.

வயல்வெளி_ஊழியன்:
நான் ஒரு போதகர். ஊர் பேர் வேண்டாம். எங்க சபையில 38 பேர், பாதி பேர் நூறு நாள் வேலைக்குப் போறவங்க. ஒரு மாச காணிக்கை 9,000 வந்தா பெரிசு. அதுல ஷெட் வாடகை, கரண்ட் பில் போக மீதில என் குடும்பம். இங்க எல்லாரும் பாஸ்டர்னா இன்னோவா கார்னு நினைச்சு எழுதறீங்க, அது கொஞ்சம் வலிக்குது.

கணக்கு நோட்டு நான் வச்சிருக்கேன், சபையில ரெண்டு பேர் எண்ணி கையெழுத்து போடறாங்க, ஆனா அதுல எனக்கு வந்த சங்கடத்தையும் கேளுங்க. ஒரு மாசம் என் மகளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டினேன், அது என் மாமனார் கொடுத்த காசு. நோட்டைப் பாத்த ஒரு அண்ணன் "இந்த மாசம் காணிக்கை கம்மி, ஃபீஸ் எப்படி கட்டினீங்க" ன்னு வாசல்ல நின்னு கேட்டார். கணக்கு கேட்கிறது வேற, வீட்டு உலைமூடியைத் திறந்து பாக்குறது வேற. இன்னொண்ணு, எங்க சபையில அதிகம் கொடுக்கிறவர் ஒருத்தர்தான், அவர் பொண்ணு கல்யாணத்துக்கு ஜாதி பாத்து நான் அறிவிப்பு பண்ணணும்னு எதிர்பாத்தார், மாட்டேன்னேன், ஆறு மாசம் காணிக்கை நின்னுச்சு. பாஸ்டர்கிட்ட கணக்கு கேட்கிறவங்க, கொடுக்கிறவன் கயிறு கட்டிக் கொடுக்கிறதையும் பேசுங்க. எனக்கு மாசம் இவ்வளவுன்னு சபை நிர்ணயம் பண்ணிட்டா நான் நிம்மதியா இருப்பேன், சத்தியமா. யாரும் பண்ண மாட்டேங்கிறாங்க, "விசுவாசத்துல வாழுங்க பாஸ்டர்" ங்கிறாங்க.

டெக்சாஸ்_தமிழன்:
போதகர் ஐயா சொன்ன அந்த சம்பள விஷயம்தான் அமெரிக்க சுவிசேஷகர் பில்லி கிரகாம் கதையோட மையம். 1950-ல அட்லாண்டாவுல கூட்டம் முடிஞ்சது, கடைசில அன்பின் காணிக்கை எடுத்தாங்க, அப்ப அதுதான் வழக்கம். மறுநாள் பேப்பர்ல ரெண்டு போட்டோ பக்கத்துல பக்கத்துல: ஒண்ணுல காசு மூட்டையோட காணிக்கை எடுக்கிறவங்க, இன்னொண்ணுல சிரிச்சுட்டே கை அசைக்கிற கிரகாம். பொய் எழுதல, போட்டோதான் போட்டாங்க. மனுஷனுக்கு உறைச்சது, அதுக்கப்புறம் காணிக்கையில பங்கு வாங்கறதை விட்டுட்டு நிர்வாகக் குழு நிர்ணயிச்ச சம்பளத்துக்கு மாறிட்டார்.

ஆனா அவரும் மாட்டினார். 1977-ல சார்லட் ஊர் பத்திரிகை, அவரோட அமைப்போட சேர்ந்த ஒரு நிதியில சுமார் 2 கோடியே 30 லட்சம் டாலர் இருக்கு, கொடுத்தவங்களுக்கு அது தெரியாதுன்னு எழுதிச்சு. சட்டப்படி அரசாங்கத்துக்குச் சொல்லியிருந்தாங்க, ஜனங்களுக்குச் சொல்லல. ஆடிட்டர் சார் மேல சொன்ன அதே கதை. ரெண்டு வருஷம் கழிச்சு, 1979-ல ஈசிஎஃப்ஏன்னு நிதி பொறுப்புக்கான கவுன்சில் ஆரம்பமாச்சு, அதுல முன்நின்னவங்கள்ல கிரகாம் அமைப்பும் ஒண்ணு. உறுப்பினரா சேரணும்னா பாதிக்கு மேல சுயேச்சையான ஆட்கள் இருக்கிற போர்டு, ஆடிட், கேட்டா கணக்கு காட்டணும்.

அந்தக் கவுன்சிலும் சர்வரோக நிவாரணி இல்ல. நம்ம பக்கத்து ஊர், கேரளா திருவல்லாவை மையமா வச்சு வளர்ந்த காஸ்பல் ஃபார் ஏசியாங்கிற மிஷன் அமைப்பு பல வருஷம் அதுல உறுப்பினர், 2015-லதான் வெளிய அனுப்பினாங்க. அமெரிக்காவுல காசு கொடுத்தவங்க போட்ட வழக்கு 2019-ல 3 கோடியே 70 லட்சம் டாலர் சமரசத்துல முடிஞ்சது, தப்பு பண்ணினோம்னு அவங்க ஒத்துக்கல. அந்த 100 சதவீதமும் களத்துக்கே போகும்ங்கிற வாக்கு இருக்கே, வழக்குக்கு அடிப்படையே அதுதான். பிரசங்க மேடையில நின்னு நூறு சதவீதம்னு எவன் சொன்னாலும் எனக்கு இப்ப கை பர்ஸ் மேல போகும். பஸ் டிக்கெட்டுக்கு கூடவா காசு வேணாம்?

கோவை_சிஸ்டர்:
இவ்வளவு பேர் எழுதிட்டீங்க, எண்ணுற வேலை எப்பவும் யார் செய்யறாங்கன்னு யாருமே சொல்லல. பெண்கள் ஐக்கியத்துல நான் 9 வருஷம் பொருளாளர். நாங்க 40 பேர், எங்க ஃபண்ட் மொத்தமே சில ஆயிரம், ஆனா டீ வாங்கின 60 ரூபாய்க்கும் துண்டுச் சீட்டு குத்தி வச்சிருப்பேன். அதே சபையில லட்சக்கணக்குல வர்ற காணிக்கைக்கு ஒரு சீட்டும் கிடையாது. ஒரு தடவை பாஸ்டரே எங்க மீட்டிங்குல வந்து "சிஸ்டர் எவ்வளவு உண்மையா கணக்கு வைக்கிறாங்க பாருங்க" ன்னு பாராட்டினார். எனக்கு சிரிப்பு வந்துச்சு.

இப்ப அவருக்கு முடியல, மகன் அமெரிக்காவுல பைபிள் காலேஜ் படிச்சுட்டு வந்து "இணைப் போதகர்" ஆயிட்டார். யாரும் தேர்ந்தெடுக்கல. ஒரு ஞாயிறு ஸ்டேஜ்ல எண்ணெய் ஊத்தினாங்க, நாங்க கை தட்டினோம், முடிஞ்சது. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், நாளைக்கு இந்தத் தம்பி ஒரு தப்பு பண்ணினா அவரை நிறுத்த இந்த சபையில யாருக்கு அதிகாரம்? ஆடிட்டர் சார் சொன்ன அந்த டீட்ல இருக்கிற மூணு பேருக்கு. எங்க சபையில அது அம்மா, அப்பா, மகன்.

துதி_மட்டும்:
சிஸ்டர், எலிசா, தீமோத்தேயு எல்லாரும் அப்படி வந்தவங்கதானே...

கோவை_சிஸ்டர்:
அவங்க யாரும் மகன் இல்லையே பிரதர். மகன்னு வந்தா வழி தவறின ஏலியோட பிள்ளைங்களும் சாமுவேலோட பிள்ளைங்களும்தான் இருக்காங்க, அந்தக் கதை உங்களுக்கே தெரியும்.

துதி_மட்டும்:
அது சரி. யோசிக்கிறேன்.

தாம்பரம்_பக்கம்:
மூணு வாரம் கழிச்சு வர்றேன், எல்லாருக்கும் நன்றி.

ஆடிட்டர் சார் சொன்ன மாதிரி வில்லங்கம் போட்டேன். 2022-ல ஒரு இடம் வாங்கியிருக்காங்க, 4 சென்ட். பாஸ்டர் பேர்ல. டிரஸ்ட் பேர்ல இல்ல. பிரின்ட் எடுத்து பையில வச்சுக்கிட்டு, நானும் இன்னும் ரெண்டு மூப்பர்களும் அவர் வீட்டுக்குப் போனோம். பாஸ்டரம்மா காபி கொடுத்தாங்க. நான் பேப்பரை எடுக்கவே இல்ல, அதுக்கு முன்னாடியே அவரே சொல்லிட்டார், "டிரஸ்ட் பேர்ல வாங்க பேன் கார்டு அப்ப வரல பிரதர், அவசரத்துல என் பேர்ல முடிச்சேன், மாத்தணும்னுதான் இருக்கேன்." மூணு வருஷ அவசரம். பொய்யா உண்மையான்னு எனக்கு சொல்லத் தெரியல, முகத்தைப் பாத்தா உண்மை மாதிரிதான் இருந்துச்சு. பில்டிங் ஃபண்ட் நோட்டு கேட்டோம், அது இருக்கு, ஆனா மச்சான்கிட்ட இருக்காம்.

ஒண்ணு மட்டும் ஒத்துக்கிட்டார். இந்த ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு மேஜை போட்டு, வயசான ஒரு மூப்பரும் ஒரு வாலிபப் பையனும் எல்லாரும் பாக்க எண்ணினாங்க. 31,460 ரூபா. பத்து ரூபா நாணயம் மட்டும் ஒரு டிபன் பாக்ஸ் நிறைய. போர்டுல எழுதினாங்க, சில பேர் போட்டோ எடுத்தாங்க. எண்ணி முடிச்சதும் பாஸ்டரம்மா வழக்கம் போல பிக் ஷாப்பரை எடுத்துட்டு வந்து நின்னாங்க. மூப்பர் பையையும் பாத்தார், என்னையும் பாத்தார்.

ஆடிட்டர் சார், பாஸ்டர் பேர்ல இருக்கிற நிலத்தை டிரஸ்ட்டுக்கு மாத்த தானப் பத்திரமா, வேற ஏதாவதா? முத்திரைத்தாள் எவ்வளவு ஆகும்? செலவு ஜாஸ்தின்னு தள்ளிப்போடுவார், அதான் முன்னாடியே கேட்டு வச்சுக்கிறேன்.

ஆடிட்டர்_பெரம்பூர்:
குடும்பத்துக்குள்ள தானம்னா சலுகை உண்டு, டிரஸ்ட்டுக்கு அது கிடையாது, வழிகாட்டி மதிப்புக்கு முழு கட்டணம் வரும். பத்திரத்தோட நகலை வாங்கிட்டு பிரைவேட்ல மெசேஜ் போடுங்க. 1-ம் புத்தகம்தான், கொடுப்பாங்க. அப்புறம், பணம் எந்த அக்கவுன்ட்ல இருந்து போச்சுன்னு பத்திரத்துலயே காசோலை விவரம் எழுதியிருக்கும், அதை முதல்ல படிங்க.

நெல்லை_கோயில்பிள்ளை:
பை யார் கையில போச்சுன்னு சொல்லலையே தம்பி?

தாம்பரம்_பக்கம்:
மூப்பர் வீட்டுக்கு. திங்கக்கிழமை காலையில பேங்க்ல கட்டி சலானை போட்டோ எடுத்து அனுப்பினார். குரூப்ல போட முடியல, நான் இன்னும் குரூப்ல இல்ல.